இனிப்பு நீர், கோசோங், பந்துவான்: சுங்கை சிப்புட்டில் 12 வாரம்

“சர்க்கரை வியாதியெல்லாம் எனக்குக் கிடையாது தங்கச்சி. இனிப்பு நீரு மட்டுந்தான் இருக்கு.”

களப்பணிக்குப் போன இரண்டாம் நாள் ஒரு பாட்டி என்னிடம் இப்படிச் சொன்னார். அதற்கு முந்தைய நாள் பதினோரு வீடு ஏறி இறங்கியிருந்தேன். ‘சர்க்கரை நோய் உண்டா?’ என்ற கேள்விக்கு எட்டு வீட்டில் ‘இல்லை’ என்று குறித்திருந்தேன். பாட்டி சொன்னதைக் கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைத்தது. மலேசியத் தமிழில் பெரியவர்கள் நீரிழிவை இனிப்பு நீர் என்றுதான் சொல்கிறார்கள். மலாயில் கென்சிங் மானிஸ், அதற்கும் அதேதான் பொருள். இரத்த அழுத்தம் என்றால் ‘கொதிப்பு’. அந்த எட்டு வீட்டுக்கும் திரும்பப் போனேன். ஐந்து வீட்டில் பதில் மாறியது.

நான் திண்டுக்கல் பக்கம். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கும்போது வெளிநாட்டில் 12 வாரம் களப்பயிற்சி என்று வந்ததும், மற்றவர்கள் ஐரோப்பா பக்கம் பார்க்க, நான் மலேசியாவைக் கேட்டு வாங்கினேன். காரணம் சோம்பேறித்தனம்தான். தமிழ் பேசும் தோட்டப்புறம், மொழிப் பிரச்சினை இல்லை, சோறு கிடைக்கும். இதில் சோறு மட்டும்தான் நினைத்தபடி நடந்தது.

சுங்கை சிப்புட் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று இந்த ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது, தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் பிறந்ததும் இங்கேதான். இதெல்லாம் நான் போன பிறகு தெரிந்துகொண்டது. போகும்போது என் மனதில் இருந்தது பால்மரம் என்கிற ரப்பர் மரமும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும், தலையில் துணி கட்டிய பெண்களும்தான்.

பால்மரம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மற்றபடி கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை, அதாவது பாமாயில் மரம். பல தோட்டங்களில் இப்போது குலை வெட்டுவது வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். தமிழர்கள் பெரும்பாலும் பட்டணத்தை ஒட்டிய தாமான்களுக்கு வந்துவிட்டார்கள். தாமான் என்றால் வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பு. இளசுகள் தொழிற்சாலைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, தோட்டத்தில் எஞ்சியிருப்பது வயதானவர்களும் பேரப்பிள்ளைகளும். ‘தோட்டத் தொழிலாளர் உடல்நலம்’ என்று தலைப்புப் போட்டுக்கொண்டு போனவள் கடைசியில் ஓய்வு பெற்ற பாட்டி தாத்தாக்களைத்தான் அதிகம் சந்தித்தேன்.

சரி, கிளம்பும் முன் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்பது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு. அதை நம்பிப் பயிற்சிக்குப் போகக் கூடாது. அழைக்கும் நிறுவனம்தான் புரொஃபெஷனல் விசிட் பாஸுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அது கைக்கு வராமல் விமான டிக்கெட் போடாதீர்கள். நான் போட்டேன், தேதி மாற்றுவதற்கே தண்டம் அழுதேன். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சுகாதார அமைச்சின் கிளினிக்குகளில் ஆய்வு என்று எதையாவது செய்ய நினைத்தால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும். 12 வாரப் பயிற்சிக்குப் போய் இறங்கிய பிறகு இதைத் தொடங்கினால் அனுமதி வருவதற்குள் வீடு திரும்பும் நாள் வந்துவிடும். பிளக் நம்முடையது நுழையாது. சதுர முள் மூன்று உள்ள அடாப்டர் வேண்டும். மருத்துவக் காப்பீடு கட்டாயம். கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம் என்பது குடிமக்களுக்கு. நமக்குக் கட்டணம் வேறு.

வெள்ளி என்றதும் நினைவு வருகிறது. முதல் நாள் ஒட்டுக்கடையில் எவ்வளவு என்று கேட்டதற்கு, “அஞ்சு வெள்ளி” என்றார் கடைக்கார அண்ணன். ஐந்து வெள்ளிக்கிழமை என்று என் மூளை ஒரு விநாடி தடுமாறியது. ரிங்கிட்டைத் தமிழர் யாரும் ரிங்கிட் என்று சொல்லிக் கேட்டதில்லை, வெள்ளிதான். சாலைக்குச் சடக்கு. காருக்குக் காடி. காலை உணவுக்குப் பசியாறல். “பசியாறியாச்சா?” என்று கேட்டால் பாதி நலம் விசாரிப்பு, பாதி உண்மையான கேள்வி. இல்லை என்று சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். ‘ஊர்’ என்றால் இந்தியா. “ஊர்லேருந்து வந்த பொண்ணு” என்றுதான் எனக்கு அங்கே பேர்.

இதை வைத்து நான் செய்த ஒரு தப்பு உண்டு. ஒரு தாத்தாவிடம், “நீங்க எப்ப தாத்தா இந்தியாவுலேருந்து வந்தீங்க?” என்று கேட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, “எங்கப்பாவே இந்தத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில வளர்ந்தவரும்மா” என்றார். கோபம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வந்தது. ஆயாக் கொட்டகை என்பது தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் தோட்டத்துக் காப்பகம். அந்தத் தாத்தாவுக்குத் திண்டுக்கல் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் தங்கியது பட்டணத்து ஓரத்தில் ஓர் அக்கா வீட்டு மேல் அறையில். அக்கா என்றாலும் வயது ஐம்பதைத் தாண்டும். அவருடைய அம்மா மரம் வெட்டியவர். இங்கே மரம் வெட்டுவது என்றால் பால் எடுக்கப் பட்டையைச் சீவுவது, சாய்ப்பது இல்லை. விடியற்காலை ஆறு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தால் நடுராத்திரி மாதிரி இருட்டு. தீபகற்ப மலேசியா 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டதால் ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வருகிறது. நம்மூரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். வீட்டுக்குப் போன் பேச நினைத்த நேரமெல்லாம் அம்மா தூங்கிக்கொண்டோ சமைத்துக்கொண்டோ இருந்தார். முதல் இரண்டு வாரம் இதுதான் எனக்குப் பெரிய துன்பம். கொசுவைவிட, வெயிலைவிட.

களப்பணிக்கு நேரம் பார்ப்பது ஒரு கலை. காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து வேலைக்குப் போனவர்கள் மத்தியானம் வந்து குளித்துப் படுப்பார்கள். மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொள்ளும். நான் இருந்தது அக்டோபர், நவம்பர், அநேகமாக அன்றாடம் மழை. ஐந்து மணிக்கு வானம் வெளுக்கும். ஐந்திலிருந்து ஏழு வரை வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் நமக்கு. ஏழுக்கு விளக்கேற்றி விட்டால் பிறகு டிவி நாடகம், யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் 12.15 முதல் 2.45 வரை அரசாங்க அலுவலகத்தில் தொழுகை இடைவேளை, கையெழுத்து வாங்கும் வேலை எதையும் அதற்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. பட்டணத்திலிருந்து தோட்டத்துக்குள் போகப் பஸ் கிடையாது. கிளினிக் வேனை விட்டால் யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு.

என்னோடு வந்த தாதி, அதாவது நர்ஸ், மலாய்க்காரர். அவரைக் ‘காக்’ என்று கூப்பிடுவேன், மலாயில் அக்கா. கிளினிக்கின் சுகாதார அதிகாரி ‘என்சிக்’, நம்மூர் ‘ஐயா’ மாதிரி. பெயரை மொட்டையாகச் சொல்லிக் கூப்பிடுவது அங்கே பழக்கமில்லை. தோட்டத்தில் வீட்டுக்கு வீடு நாய் இருக்கும். நாய் தொட்டுவிட்டால் காக் அவர்கள் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதனால் கேட்டைத் தட்டி, நாயைக் கட்டச் சொல்லி, பிறகு அவரை உள்ளே அழைப்பது என் வேலையாயிற்று. கேள்வித்தாளைவிட நான் அந்தக் குழுவுக்குப் பயன்பட்டது இதில்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இனி தேத்தண்ணி விஷயம். வீட்டுக்குள் நுழைந்தால் குடிக்க ஏதாவது வரும். தே என்றால் கெட்டிப்பால் ஊற்றியது. தே ஓ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. தே ஓ கோசோங் என்றால் பாலும் இல்லை சீனியும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு வீட்டில் ஆறு கோப்பை கெட்டிப்பால் தே குடித்துக்கொண்டே, “இனிப்பைக் குறைங்க பாட்டி” என்று அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி என் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று மறுத்தால் மனசு கோணும். உட்காரும்போதே, “எனக்கு ஆயர் சுவாம் போதும்மா” என்று சொல்லிவிட வேண்டும். ஆயர் சுவாம் வெதுவெதுப்பான தண்ணீர், கடையிலும் கேட்கலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் மட்டும் அவர்கள் தருவதை அப்படியே வாங்கிக் குடித்துவிடுவேன். அந்த வீட்டில்தான் பேச்சு நன்றாக ஓடும்.

மலேசியாவின் 2019 தேசிய உடல்நல ஆய்வில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இதற்காக நான் ஊரிலிருந்தே ஓர் உணவுப் பட்டியல் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். கம்பங்கூழ், கேழ்வரகு அடை, வரகரிசி. அங்கே பட்டணத்துக் கடையில் கேழ்வரகு கிடைத்தது, ஆனால் விலையைப் பார்த்துவிட்டு நானே வைத்துவிட்டேன். அவர்கள் நிஜமாகச் சாப்பிடுவது வெள்ளைச் சோறு, கோழி பெரட்டல், காலையில் நாசி லெமாக் அல்லது ரொட்டி சானாய், பிள்ளைகளுக்கு மைலோ, ராத்திரி மீ கோரெங். இந்தப் பெயர் ஒன்றுகூட என் பட்டியலில் இல்லை. கிளினிக் சுவரில் ‘சூக்கு சூக்கு செபாரோ’ என்று ஒரு தட்டுப் படம் இருந்தது: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். அதையே அவர்கள் வீட்டுத் தட்டில் போட்டுக் காட்டினேன். கங்கோங் கீரையும் வெள்ளரியும் மலிவு. சோற்றைக் கால் பங்காக்கியதும் ஒரு மாமா, “இது சாமிக்குப் படைக்கிற அளவும்மா” என்றார்.

எங்கள் கிளினிக் டாக்டர் ஒரு நாள் இதைக் கேட்டுவிட்டு ஒரு பழைய கதை சொன்னார். 1900-களின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். அதே காலத்தில் தமிழ்த் தொழிலாளர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டார்கள், நம்மவர்கள் புழுங்கல் அரிசி. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற டாக்டர் இந்த வித்தியாசத்தைப் பிடித்தார். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிரேசரும் ஸ்டான்டனும் அதைச் சோதித்து, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்று காட்டினார்கள். நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து, அதாவது தயமின், அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. எங்கள் பாட்டி புழுங்கல் அரிசிக்காகச் சண்டை போட்டதை நினைத்துக்கொண்டேன். இனிப்பு நீருக்குப் புழுங்கல் மருந்தாகிவிடாது, அளவுதான் முக்கியம். ஆனாலும் இந்தக் கதையைச் சொன்ன வீடுகளில் பேச்சு நீண்டது. “எங்க தாத்தா காலத்துச் சோறு” என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள்.

பந்துவான் கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒப்புதல் படிவத்தை நான் செந்தமிழில் எழுதியிருந்தேன். ‘தன்னார்வப் பங்கேற்பு’, ‘தரவு இரகசியக் காப்பு’ என்றெல்லாம். படித்துக் காட்டுவேன், தலையாட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். ஒன்பதாவது வீட்டில் ஓர் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, அடையாளக் கார்டை எடுத்து நீட்டி, “எப்ப கிடைக்கும்?” என்று கேட்டார். என்ன கிடைக்கும்? பந்துவான். அரசாங்க உதவிப் பணம். கையில் படிவமும் கழுத்தில் அட்டையுமாக யாராவது வந்தால் அங்கே அதற்குப் பொருள் அதுதான். மற்ற எட்டு வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். சிலர் வருமானத்தைக் குறைத்துக்கூடச் சொல்லியிருந்தார்கள், பாவம். காக்கிடம் சொன்னேன். அந்த ஒன்பது படிவத்தையும் கிழிக்கச் சொன்னார். மறுபடி போய், “இது பந்துவான் இல்லம்மா, நான் படிக்கிற பொண்ணு, கத்துக்க வந்திருக்கேன், வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், கிளினிக்ல ஒண்ணும் குறையாது” என்று வாசலிலேயே சொல்லித் தொடங்கினேன். மூன்று வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்த மூன்றும்தான் நான் வாங்கிய முதல் உண்மையான ஒப்புதல் என்று தோன்றியது.

மருந்தடித்த பெண்களைப் பற்றியும் எழுத வேண்டும். தோட்டத்தில் மருந்து என்றால் களைக்கொல்லி. முதுகில் தொட்டியைச் சுமந்து வருஷக்கணக்காக அடித்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியிருக்கிறார்கள். பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. ஓர் அம்மா தன் கைவிரல் நகங்களைக் காட்டினார். எதற்கு எது காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. கையுறை கொடுத்தார்களா என்று கேட்டேன். “குடுத்தாங்க. வெயில்ல அத மாட்டிக்கிட்டா கை வெந்துரும், கழட்டிருவோம்” என்றார். என் கேள்வித்தாளில் ‘கையுறை வழங்கப்பட்டதா? ஆம் / இல்லை’ என்று மட்டும்தான் இருந்தது.

கடைசியாக என் மானம் போன கதை. ஆறாவது வாரம், ஏடிஸ் கொசு ஒழிப்புக்காக எங்கள் தாமானில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் சுத்தம் செய்வது. நானும் டார்ச்சோடு முன்னால் நடந்தேன். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தோம். என்சிக் மேல் குளியலறையைப் பார்க்கலாமா என்றார். அங்கே கோலா என்கிற சிமெண்டுத் தொட்டி. நான் ஷவரில் குளிப்பதால் அந்தத் தொட்டியைத் தொட்டதே இல்லை. அவர் டார்ச் அடித்தார். வெளிச்சம் பட்டதும் மேல்மட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. கரண்டியால் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றி, எண்ணிப் பார்க்கச் சொல்லி என்னிடமே நீட்டினார். இருபத்து மூன்று. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரருக்கு அபராதம் போடலாம். அவர் போடவில்லை. சிரிக்கவும் இல்லை, அதுதான் கொடுமை. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவினால் போதும் என்று நான் காலையில் மைக்கில் சொன்ன வாக்கியத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தேய்க்க வேண்டும். அன்றைக்கு அக்கா தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் தேய்த்தோம். அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது எங்கள் வழக்கமாகிவிட்டது. தேய்த்து முடித்து கீழே வந்தால் நெத்திலி சம்பாலும் சோறும். அக்கா அவருடைய அம்மா கதையைச் சொல்வார். வீட்டு ஏக்கம் குறைந்தது அந்த ஞாயிறுகளில்தான்.

கிளம்பும்போது ஒரு பிஸ்கட் டின்னில் என் அடாப்டர், மழைக்கோட்டு, டார்ச், திருத்திய கேள்வித்தாள் எல்லாவற்றையும் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால் இனிப்பு நீர், கொதிப்பு, மருந்தடித்தல், கையுறை கொடுத்தார்களா, போட்டீர்களா என்று எழுதியிருக்கிறேன். அடுத்து அந்தப் பக்கம் பயிற்சிக்குப் போகிறவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அறை மேலே இடது பக்கம். கோலாவை அக்கா இப்போது தண்ணீர் இல்லாமல் கவிழ்த்த வாளிகளை அடுக்கி வைக்கப் பயன்படுத்துகிறாராம்.